மெல்போர்ன் எத்தனை நாள் லோடு?

1

ஊரிலிருந்து யார் போன் பண்ணினாலும், சாப்பாட்டையும் மழையையும் விசாரித்த கையோடு மூன்றாவதாக ஒரு கேள்வி வரும். "அங்கனயிருந்து இங்கன வர எவ்வளவு நேரம் ஆவும்?" மெல்போர்னுக்கு வந்து இத்தனை வருஷமாகியும் இதற்கு ஒழுங்காக ஒரு பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மெல்போர்னிலிருந்து சிங்கப்பூர் ஏழரை மணி நேரம், எட்டென்றே வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரிலிருந்து மதுரை நாலு மணி நேரம். மதுரையிலிருந்து கோவில்பட்டிக்குக் காரில் ரெண்டு மணி நேரம், நடுவில் சாத்தூரில் இறங்கிக் காபி குடிக்காவிட்டால். கூட்டினால் பதினாலு. ஆனால் பதினாலு மணி நேரத்தில் ஊர் போய்ச் சேர்ந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. சிங்கப்பூரில் அடுத்த விமானத்துக்குக் காத்துக் கிடக்கிற நேரத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது? வெயில் காலத்தில் எங்கள் கடிகாரம் உங்கள் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் முந்தி ஓடுகிறதே, அதை எங்கே வைப்பது? என் சித்தி ஒருத்தி டிக்கெட்டில் போட்டிருந்த நேரங்களை வைத்துக் கழித்துப் பார்த்துவிட்டு, ஊருக்கு வரும்போது விமானம் வேகமாக வருகிறது, திரும்பிப் போகும்போதுதான் இழுக்கிறது என்று கண்டுபிடித்தாள். அவளுக்கு விளக்கம் சொல்லி ஓய்ந்துபோய், ஆமாம் சித்தி, ஊர்ப்பக்கம் இறக்கம் என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள்.

போன திங்கட்கிழமை என் மகள் மதியின் கல்யாண நாள். முதல் வருஷம். பாயசம் கிண்டிக்கொண்டிருந்தபோது அடுப்புக்கு மேலே உள்ள தட்டில் இருந்த ஒரு தீப்பெட்டி கண்ணில் பட்டது. பட்டதும் தனியாக நின்று சிரித்தேன். அந்தத் தீப்பெட்டியையும், ஒன்பதாயிரம் கிலோமீட்டரையும், என் அண்ணனையும் பற்றி எழுதாமல் இனி முடியாது.

2

அண்ணன் பெயர் சண்முகவேல். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிறான். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, தீப்பெட்டி என்றால் ஆபீஸ்தான். குச்சி அடுக்குகிற கட்டையும் மருந்து நெடியும் நிறைந்த இடத்தை ஆபீஸ் என்கிறோமே என்று எங்களுக்கு இதுவரை கூச்சம் வந்ததில்லை.

தீப்பெட்டிக்காரர்களுக்குத் தூரம் என்றால் கிலோமீட்டர் கிடையாது. லாரியில் சரக்கு ஏற்றி அனுப்பினால் எத்தனை நாளில் போய் இறங்கும் என்பதுதான் தூரம். நாக்பூர் மூணு நாள் லோடு. டெல்லி அஞ்சு நாள் லோடு. ஐந்தாம் வகுப்பில் பூகோள டீச்சர் டெல்லி எங்கே இருக்கிறது என்று கேட்டபோது நான் எழுந்து நின்று "அஞ்சு நாள் லோடு டீச்சர்" என்றேன். வகுப்பில் பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீஸ் வீட்டுப் பிள்ளைகள், யாருக்கும் சிரிப்பு வரவில்லை. டீச்சர் மட்டும் வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டார்.

இதில் இன்னொரு வழக்கம் உண்டு. சரக்கு என்றைக்கு வரும் என்று கேட்கிற வியாபாரிக்குச் சொல்லும்போது உள்ளபடி சொல்லமாட்டார்கள், ரெண்டு நாள் கூட்டித்தான் சொல்வார்கள். செக்போஸ்டுக்கு ஒரு நாள், மழைக்கு ஒரு நாள். நெருப்புச் சரக்கு என்பதால் எந்த செக்போஸ்டிலும் லாரியை ஓரங்கட்டச் சொல்லலாம். மழை வந்தால் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு நிற்க வேண்டியதுதான். அப்பா காலத்திலிருந்தே இதுதான் கணக்கு. எங்கள் வீட்டில் குலதெய்வம் கோயிலுக்கு வேனில் கிளம்பினாலும் இந்த ரெண்டு நாளைக் கூட்டாமல் கிளம்பமாட்டார்கள்.

நான் கல்யாணமாகி மெல்போர்னுக்குப் புறப்பட்டபோது எல்லாரும் அழுதுகொண்டிருக்க, அண்ணன் ஒரு கேள்விதான் கேட்டான்.

"ஏட்டி செல்வி, மெல்போர்ன் எத்தனை நாள் லோடு?"

கடலில் லாரி போகாது அண்ணே என்று அழுகைக்கு நடுவே சொன்னேன். பதில் வராத அந்தக் கேள்வியை அவன் விடவே இல்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் போனில் கேட்பான். விமானத்தில் இத்தனை மணி நேரம் என்று சொன்னால், அது ஆளு போற நேரம்ட்டி, நான் கேக்குதது தூரம் என்பான்.

3

மதி பிறந்தது கோவில்பட்டியில், தலைப்பிரசவத்துக்கு நான் ஊருக்குப் போயிருந்தபோது. ஒரு வயது முடிவதற்குள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு அவள் வளர்ந்ததெல்லாம் இந்த ஊர்ப் பிள்ளையாகத்தான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு இரண்டு வருஷம் இழுத்துக்கொண்டு போனேன். மூன்றாம் வருஷம் கூடைப்பந்து வந்து தமிழைத் தள்ளிவிட்டது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். "தண்ணி வேணுமா" என்றால் "யா" என்பாள். கோபித்துப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், கடைசியில் அந்த "யா"வுக்கே தண்ணீர் ஊற்றிக் கொடுக்கப் பழகிக்கொண்டேன்.

அவள் தான் கட்டிக்கொள்ளப்போகிறவன் என்று டேனைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தியபோது எனக்குப் பெரிய அதிர்ச்சி ஒன்றும் இல்லை. நல்ல பையன். எங்கள் ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிக்கிறான். அதற்கு மேல் என்ன பொருத்தம் பார்ப்பது? ஆச்சரியம் அதற்கு அப்புறம்தான். பதிவு பண்ணிவிட்டு நாலு பேருக்குச் சாப்பாடு போட்டால் போதும் என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ சேலை கட்ட வேண்டும், தாலி கட்ட வேண்டும், மாமா வந்து விளக்கு ஏற்ற வேண்டும் என்றாள்.

எங்கள் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. கல்யாண வீட்டில் முதல் விளக்கைத் தாய்மாமன்தான் ஏற்றுவான், தன் ஆபீஸில் செய்த தீப்பெட்டியிலிருந்து குச்சி எடுத்து உரசி. அந்த விளக்கு எரிந்த பிறகுதான் மற்றதெல்லாம். எனக்கு என் மாமா ஏற்றினார். இதை மதிக்கு நான் எப்போதோ சொல்லியிருக்கிறேன் போல. சொன்னது எனக்கு மறந்துவிட்டது, அவள் மறக்கவில்லை.

"மாமா வராம நான் மேடைக்கு வர மாட்டேன்மா," என்றாள், தமிழிலேயே.

மண்டபத்துக்காரர்களோடு ஒரு மாதம் மல்லுக்கட்டினேன். உள்ளே நெருப்பு கூடாது. ஹோமமா, கூடவே கூடாது. விளக்கா, எத்தனை திரி, எவ்வளவு எண்ணெய், திரைச்சீலைக்கும் விளக்குக்கும் எவ்வளவு இடைவெளி? ஊரில் தீக்குச்சிக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள் ஒற்றைத் திரிக்கு அனுமதி கேட்டு மனுப் போட்டேன். கடைசியில் ஒரே ஒரு விளக்கு, பக்கத்தில் தீயணைப்புக் கருவியோடு அவர்களுடைய ஆள் ஒருவர் நிற்பார் என்று ஒப்புக்கொண்டார்கள்.

அண்ணனுக்குப் பாஸ்போர்ட் எடுத்து, விசாவும் வாங்கியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். வெள்ளிக்கிழமை ஏறினால் சனிக்கிழமை இறங்கிவிடலாம், அது போதும் என்று நானும் என் வீட்டுக்காரரும் சொன்னோம். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. செக்போஸ்டுக்கு ஒரு நாள், மழைக்கு ஒரு நாள் வேண்டுமாம், வியாழக்கிழமைதான் ஏறுவானாம். ஆகாயத்தில் ஏது மச்சான் செக்போஸ்ட் என்று என் வீட்டுக்காரர் போனில் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஊறுகாய் வேண்டாம், பழம் வேண்டாம், விதை வேண்டவே வேண்டாம், இந்த ஊர் சுங்கத்தில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அண்ணனுக்குப் படித்துப் படித்துச் சொன்னேன். தீப்பெட்டியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. தோன்றினால்தானே? சட்டைப்பையில் கைக்குட்டை இருக்கிற மாதிரி எங்கள் வீட்டு ஆண்களிடம் தீப்பெட்டி இருக்கும். அதைப் போய் யாராவது பொருள் என்று நினைப்பார்களா?

4

அண்ணன் தீப்பெட்டியை ஓர் இடத்தில் வைக்கவில்லை. சரக்கைப் பிரித்து ஏற்றுவதுதான் அவன் தொழிலில் பாதுகாப்பு. பெட்டிக்குள் வேட்டிகளுக்கு அடியில் ஒரு பண்டல், கைப்பையில் ஒரு பண்டல், சட்டைப்பையில் ரெண்டு தீப்பெட்டி. மதுரை விமான நிலையத்தில் முதல் பண்டலை எடுத்தார்கள். வேறு ஏதும் இருக்கிறதா என்று கேட்டதற்கு, பொய் பேசத் தெரியாத என் அண்ணன் கைப்பையைத் திறந்து காட்டினான். அப்புறம் சட்டைப்பையையும் தடவி எடுத்து மேஜை மேல் வைத்தான். அதிகாரிக்கு முகம் மாறிவிட்டது. இன்னும் பெரிய அதிகாரி வந்தார்.

அண்ணன் அங்கேதான் வாயைக் கொடுத்தான். இது எங்கள் ஆபீஸ் சரக்கு, மருந்தெல்லாம் தரமானது, பெட்டியிலேயே பாதுகாப்புத் தீப்பெட்டி என்று அச்சடித்திருக்கிறது, வேண்டுமானால் ஒன்றை உரசிக் காட்டவா என்று கேட்டிருக்கிறான். விமான நிலையத்துக்குள்ளே நின்றுகொண்டு! அவர்கள் தங்கள் கடமையைத்தான் செய்தார்கள், குற்றமே சொல்லமுடியாது. ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொரு வேட்டியாக உதறி, எழுதி வாங்கி முடிப்பதற்குள் விமானம் அவனை விட்டுவிட்டுப் பறந்துவிட்டது. மறுநாள் விமானத்தில் இடம் இருந்தது. தீப்பெட்டி மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

போனில் கூப்பிட்டான். எனக்கு முதலில் கோபம், அப்புறம் சிரிப்பு, அப்புறம் அவன் குரலைக் கேட்டதும் ரெண்டும் போய்விட்டது.

"செக்போஸ்ட் நாள் போயிட்டுட்டி," என்றான். "அது போவட்டும். தாய்மாமன் வெறுங்கையா வாரேனே, அதான்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மருதாணிக் கையை விரித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்த மதி எல்லாவற்றையும் கேட்டாள்.

5

வெள்ளிக்கிழமை மழை வந்தது.

கார்த்திகை மாதம், எங்கள் பக்கம் மழை வருகிற காலம்தான். ஆனால் அன்றைக்குப் பெய்தது மாதிரி அந்த வருஷம் பெய்யவில்லையாம். கோவில்பட்டியிலிருந்து மதுரை வரைக்கும் கொட்டித் தீர்த்திருக்கிறது. விமானம் கிளம்பவில்லை. மணிக்கு ஒரு தரம் கூப்பிட்டு நான் புலம்பினேன். அண்ணனிடம் புலம்பலே இல்லை. நாகலாபுரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கரிசல் காடு இருக்கிறது, உளுந்து போட்டிருந்தான், செடி வாடிக்கொண்டு நின்றதாம்.

"தீப்பெட்டிக்காரன்னா மழையை வையணும், காட்டுக்காரன்னா கும்பிடணும். நான் என்னட்டி செய்ய?" என்று கேட்டுவிட்டு, கண்ணாடிக்கு வெளியே ஓடுபாதையில் தண்ணீர் நிற்பதை எனக்கு வர்ணித்தான். உளுந்து தப்பித்துவிட்டது என்று அவனுக்கு அத்தனை சந்தோஷம். நான் முகூர்த்தத்துக்கு மிச்சமிருந்த மணியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மழை விட்டு ஒருவழியாக விமானம் கிளம்பி, சனிக்கிழமை காலையில் சிங்கப்பூருக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது மெல்போர்ன் விமானம் போய்விட்டிருந்தது. அடுத்து இடம் கிடைத்தது சனிக்கிழமை ராத்திரி விமானத்தில். ஞாயிறு காலையில்தான் இறங்கும். முகூர்த்தமும் அதே காலையில். மழை நாளும் போயிற்று. இனிமேல் கையில் நாளே கிடையாது. ஆகாயத்தில் ஏது செக்போஸ்ட் என்று சிரித்த என் வீட்டுக்காரர் முற்றத்தில் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார். அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை முழுக்க அண்ணன் சிங்கப்பூர் விமான நிலையத்தில் உலாவினான். அங்கே வேலை பார்க்கிற விளாத்திகுளத்துக்காரர் ஒருவரைப் பிடித்துவிட்டானாம். அவர் அண்ணாச்சி அண்ணாச்சி என்று சோறு வாங்கிக் கொடுத்து, ஏற வேண்டிய வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டாராம். எங்கள் ஆட்கள் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார்கள்.

இங்கே மதியைக் காணவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள், வீடு நிறைய ஆள், பூ வந்து இறங்கியிருக்கிறது, பெண்ணைக் காணோம். டேன் காரையும் காணோம். கூப்பிட்டால் ஒரு சின்ன வேலை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்து இறங்கினார்கள். நான் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டேன். ஊரில் பந்தக்கால் நட்டுவிட்டால் பெண் வாசல் தாண்டமாட்டாள் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "யா" என்றாள்.

6

ஞாயிறு காலை என் வீட்டுக்காரர் விமான நிலையத்துக்குப் போனார். மண்டபத்தில் நாதஸ்வரம் பாட்டுப்பெட்டியில் ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு திரியோடு, எண்ணெயோடு, தீயில்லாமல் நின்றது. பக்கத்தில் தீயணைப்புக் கருவியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் ஆள், நல்ல உயரம், கோட்டு சூட்டெல்லாம் போட்டு. முகூர்த்த நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. டேனுடைய அம்மா என்னிடம் வந்து, வேறு யாராவது ஏற்றக்கூடாதா என்று தயங்கிக் கேட்டார். மதி அலங்கார அறையை விட்டு வெளியே வரவே இல்லை. அவள் சொன்னால் சொன்னதுதான், எங்கள் அப்பாவின் பிடிவாதம். எனக்கு அவளைத் திட்டவும் மனமில்லை, முகூர்த்தத்தை விடவும் மனமில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கார் வந்தது. கசங்கின வேட்டி, வழித்தெடுக்காத தாடி, காலில் சிங்கப்பூரில் வாங்கின புதுச் செருப்பு, என் அண்ணன் இறங்கி வந்தான். மண்டபத்தில் பாதிப் பேருக்கு அவன் யாரென்று தெரியாது, ஆனாலும் எல்லாரும் கை தட்டினார்கள். நான் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அந்த மாதிரி சந்தோஷமாக நான் அழுததே கிடையாது.

அவன் நேராக விளக்குப் பக்கம் போனான். தீயணைப்புக் கருவிக்காரரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நம்ம ஆபீஸ்லயும் இப்படித்தான் மணல் வாளியோட ஆள் நிப்பான், நல்ல ஏற்பாடு என்று பாராட்டினான். அதற்கப்புறம் பழக்கத்தில் கை சட்டைப்பைக்குப் போயிற்று. பையைத் தடவிவிட்டு அப்படியே நின்றான். மண்டபத்துக்காரர்கள் வைத்திருந்த கியாஸ் லைட்டர் ஒன்று தட்டில் இருந்தது. அதை எடுக்க அவன் கை போகவில்லை.

அப்போது மதி வந்தாள். அரக்குப் பட்டுச் சேலையில், தலை நிறையப் பூவோடு. மாமா காலில் விழுந்து எழுந்தாள். எழுந்து, மூடியிருந்த கையை அவன் முன்னால் திறந்தாள். உள்ளே ஒரு தீப்பெட்டி. மேலே ஏதோ கப்பல் படம், ஆங்கில எழுத்து.

அண்ணன் வாங்கினான். தீப்பெட்டிக்காரன் பெட்டியை வாங்கினால் முதலில் படத்தைப் பார்க்கமாட்டான். குச்சி இருக்கிற அடிப்பெட்டியைத் தள்ளித் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பான், ஒட்டு சரியா என்று. திருப்பினவன் பெட்டியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். நான் எட்டிப் பார்த்தேன். அடியில் கடுகளவு ஒரு முத்திரை. ம.

அண்ணன் சரக்கில் ஒரு பங்கு தூத்துக்குடிக்காரர் ஒருவருக்குப் போகும். அவர் தன் படத்தை ஒட்டிக் கப்பலில் ஏற்றுவார், எந்த ஊருக்கு என்று அண்ணன் கேட்டதில்லை. எந்த ஆபீஸ் சரக்கு என்று தெரிவதற்கு ஒவ்வொருவரும் ஒரு அடையாளம் போட வேண்டும். மதி பிறந்த வருஷம்தான் அந்த வியாபாரம் ஆரம்பித்தது, அண்ணன் அவள் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டான். அவளுக்கு ஒன்பது வயதில் ஊருக்குப் போயிருந்தபோது அதைக் காட்டி, கடல் தாண்டிப் போகிற பெட்டியிலெல்லாம் உன் பெயர் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறான். தமிழில் எதையெதையோ மறந்தவள், அந்த ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு இந்த ஊரில் எந்த இந்தியக் கடைக்குப் போனாலும் தீப்பெட்டியைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். பெற்ற எனக்கு இது தெரியாது. இத்தனை வருஷமும் கிடைக்கவில்லை. சனிக்கிழமை டேனையும் கூட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கி, கடைக்காரர்களிடம் வசவு வாங்கி, ஒவ்வொரு பெட்டியாகத் தள்ளிப் பார்த்து, ஊருக்கு வெளியே ஒரு பலசரக்குக் கடையில் பிடித்துவிட்டார்கள்.

அண்ணன் ஒரு குச்சியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். மருந்து பச்சை நிறம்.

"பச்சை மருந்து ஒரே ஒரு லோடுக்குத்தான் போட்டோம். ஆடி மாசம்," என்றான். விரலை மடக்கினான். ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. கண்ணில் தண்ணீர் நிற்க, என்னைப் பார்த்துச் சிரித்தான். "ஏட்டி செல்வி, மெல்போர்ன் நாலு மாச லோடு."

உரசினான். ஒரே உரசில் பற்றிக்கொண்டது, நமுத்துப்போகாமல், கடலெல்லாம் தாண்டி வந்த குச்சி. விளக்கு எரிந்தது. கருவிக்காரர் ஓரடி முன்னால் வந்து பார்த்துவிட்டுப் பின்னால் போனார். என் வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். மேடையேறிய மதி, தாலி கட்டிக்கொள்ளக் குனிந்தபோதுகூடச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

7

அந்தப் பெட்டிதான் இப்போது என் அடுப்புக்கு மேலே இருக்கிறது. அதில் பாதிக் குச்சி இன்னும் மிச்சம். நல்ல நாளுக்கு மட்டும் ஒன்று. போன திங்கட்கிழமை விளக்கேற்ற மதியே எடுத்து உரசினாள், உரசிவிட்டு ஒரு சேதி சொன்னாள். சித்திரையில் பிள்ளை பிறக்கும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாயசம் அடிப்பிடித்துவிட்டது.

உடனே அண்ணனைக் கூப்பிட்டோம். மதி தானே பேசினாள். சித்திரை என்று கேட்டதும் அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, அப்படியென்றால் மாசியில் ஏறிவிடுகிறேன் என்றான். நான் போனைப் பிடுங்கி, எதுக்குண்ணே அத்தனை முந்தி, ஒரு நாள் பயணம்தானே என்றேன்.

"செக்போஸ்டுக்கு ஒரு நாள், மழைக்கு ஒரு நாள்," என்றான் அண்ணன். "மிச்ச நாள் எல்லாம் எனக்குட்டி."